ஞாயிற்றுக்கிழமைக் கயிறு

1

எங்கள் அலுவலகத்தில் விடுப்புக்கு விண்ணப்பிக்கும்போது கணினியில் ஒரு கேள்வி வரும். "இந்தப் பயணத்துக்கு விமானத்தைத் தவிர்க்க முடியாதா? முடியாதென்றால் காரணம் என்ன?" கீழே சில பதில்கள் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் நான் "ரயில் வசதி இல்லை" என்பதைத் தேர்ந்தெடுக்கிறேன். உடனே அது என்மேல் அக்கறை கொண்டு, புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் சொன்னால் ரயில் தேடித் தருவதாகச் சொல்லும். உத்ரெக்ட் என்றும் சென்னை என்றும் அடிப்பேன். ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். நான் போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

நெதர்லாந்துக்கு வந்தபோது இந்த நாட்டில் ஒருவர் ஊருக்குப் போவதுகூடக் குற்றக் கணக்கில் வரும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விமானத்தில் ஏறிய முதல் ஆளும் நான்தான். எங்கள் குப்பத்தில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கே மதிய உணவு மேசையில் அதையே குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் வேலையும் இதைச் சேர்ந்ததுதான். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் சுற்றுலா நடத்துபவர்கள், "நாங்கள் பூமிக்குத் தீங்கு செய்யாதவர்கள்" என்று எங்களுக்கு எழுதுவார்கள். அதைப் படித்து, அவர்கள் சொல்வது எந்த வகைப் பயணம், பச்சை முத்திரை தரலாமா என்று பார்க்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். எனக்கு அது இயல்பாகவே வரும். அடையாறு முகத்துவாரத்துக்குத் தெற்கே கடற்கரையில் பிறந்தவனுக்கு, சட்டையை இன் செய்துகொண்டு யாராவது மணலில் நடந்து வந்தாலே, குப்பத்தைக் காலி செய்யச் சொல்லப் போகிறாரோ என்று தோன்றும். கையில் வரைபடம் இருந்தால் இன்னும் மோசம்.

வந்த புதிதில், அப்பா என்ன செய்கிறார் என்று ஒரு சக ஊழியர் கேட்டார். டச்சு மொழியில் "என் அப்பா ஒரு மீன்" என்று பதில் சொன்னேன். மீனவர் என்பதற்கு இன்னும் கொஞ்சம் நாக்கை நீட்டியிருக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை. மிக மரியாதையாகத் தலையசைத்தார். எங்கள் நாட்டு நம்பிக்கை என்று நினைத்திருப்பார்.

2

ஊரில் என்னிடம், "அங்க இன்னா வேல பாக்குற?" என்று கேட்பவர்களுக்காக இந்த வகைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். எல்லாவற்றிலும் "பசுமை" என்று ஒரே வார்த்தையைப் போட்டு விற்றாலும், எல்லாம் ஒன்றல்ல.

காட்டையோ கடலையோ பறவையையோ பார்க்கப் போவது இயற்கைச் சுற்றுலா. அவ்வளவுதான். பார்த்ததால் அந்தப் பறவைக்கு நன்மையா என்று அது கேட்காது. பள்ளிக்கரணையில் நாரையைப் பார்த்துவிட்டுச் சிப்ஸ் பொட்டலத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தாலும் இயற்கைச் சுற்றுலாதான். சூழல் சுற்றுலா என்றால் ஒருபடி மேலே போக வேண்டும். போகும் இடம் கெடக்கூடாது, அங்கே இருப்பவர்களுக்கு அதனால் பிழைப்பு கிடைக்க வேண்டும், போனவர் எதையாவது கற்றுக்கொண்டு திரும்ப வேண்டும். நீடித்த சுற்றுலா என்பது ஓர் இடத்தைப் பற்றியதல்ல, தொழில் மொத்தத்தையும் பற்றியது. தியாகராய நகரில் இருக்கும் பெரிய ஓட்டல்கூடத் தண்ணீரையும் குப்பையையும் ஒழுங்காகக் கையாண்டு, வேலைக்காரர்களிடம் நியாயமாக நடந்தால் அதற்குள் வரலாம். பொறுப்பான பயணம் என்பது பயணியின் நடத்தை. எங்கே போனாலும் அது அவர் கையில் இருக்கிறது. மெதுவான பயணம் என்றால் விமானத்தை விட்டு ரயிலிலோ சைக்கிளிலோ போய், ஓர் இடத்தில் அதிக நாள் தங்குவது. கடைசியாக, ஊர்க்காரர்களே நடத்தும் சுற்றுலா. யார் வரலாம், எதைக் காட்டலாம் என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். எங்களுக்கு வரும் விண்ணப்பங்களில் முக்கால்வாசி இந்தக் கடைசி வகை என்றுதான் சொல்லிக்கொள்ளும். விசாரித்தால் ஊர்க்காரர் என்று ஒருவர் இருப்பார். வண்டி ஓட்டிக்கொண்டு.

இதையெல்லாம் நான் பரீட்சைக்குப் படிப்பதுபோல் மனப்பாடம் செய்தேன். இன்றைக்கு நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

3

போன குளிர்காலத்தில் என் திரைக்குச் சென்னையிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. மயிலாப்பூரில் காப்பி, அங்கிருந்து சைக்கிளில் கடற்கரைக் குப்பம், மீனவர்களோடு சேர்ந்து பெரிய வலை இழுத்தல், திரும்பும் வழியில் ஆழ்வார்பேட்டையில் சிறுதானிய உணவு. ஒவ்வொரு ஞாயிறும். படத்தைப் பெரிதாக்கினேன். பின்னால் நீல வண்ணம் பூசிய கோயில் சுவரும் அதன்மேல் சாய்ந்திருந்த தென்னையும் எங்களுடையவை. எங்கள் குப்பமேதான்.

எப்போதும்போல ஒவ்வொரு வரியாகச் சந்தேகப்பட்டேன். சைக்கிளில் போகிறவர்களின் பைகள் எதில் போகின்றன? தண்ணீர் எதில் வருகிறது? "விருந்தினர் தங்கள் மீனைச் சமூகத்துக்கே வழங்கிவிடுவார்கள்" என்றால் யார் கையில் வழங்குகிறார்கள்? எல்லாவற்றுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். ஒரே ஒரு வரிக்குத்தான் போடவில்லை. "அன்றைய தினம் முதியவர்களுக்கு உடலுழைப்பிலிருந்து ஓய்வு, நாற்காலி வசதி உண்டு." இது ஒன்றாவது பரவாயில்லை என்று நினைத்தேன்.

என் மேலாளர் மரைகெயிடம் இது என் ஊர் என்று சொன்னேன்.

"அப்படியென்றால் நீ மதிப்பிடக்கூடாது. வேறொருவர் பார்ப்பார்," என்றார். "ஆனால் விடுப்பில் போகிறாய் அல்லவா? கண்ணில் பட்டதைக் கருத்தாக எழுதலாம். அதற்குத் தடையில்லை."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் அப்பா உடனே போனை எடுத்துவிடுகிறார். நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். "இன்னா நைனா, கயிறுக்குப் போவலயா?" என்றால், "இன்னிக்கு லீவுடா" என்பார். எங்கள் தெருவில் சர்ச்சுக்குப் போகும் வீடுகளுக்கு ஞாயிறு லீவு உண்டு. நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் இல்லையே.

அப்பாவுக்குப் படகில் ஏறினால் தலை சுற்றுகிறது. மருத்துவர் கடலுக்குப் போகவே கூடாது என்றுவிட்டார். கரையில் நின்றால் ஒன்றும் செய்வதில்லை. அதனால் பெரிய வலை போடும் நாட்களில் கயிறு பிடிக்கப் போவார். படகு வலையை அரைவட்டமாகக் கடலில் இறக்கிவிட்டு வரும். வலையின் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையிலிருந்து இரண்டு கூட்டமாக இழுப்பார்கள். மீன் சேரும் பையான மடி கரையேறும்வரை கயிற்றில் கை வைத்திருந்த எவருக்கும் மீனில் பங்கு உண்டு. யார், எந்தத் தெரு, ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. நான் அனுப்பும் பணத்தில் வீட்டுக்கு வஞ்சிரமே வாங்கலாம். ஆனால் அப்பா கொண்டுவரும் அந்தக் கைப்பிடிக் காரப்பொடி மீன் வேறு. அதைக் கொண்டுவரும் நாட்களில் அவர் வாசலிலேயே குரல் கொடுத்துக்கொண்டு வருவார்.

4

ஊருக்குப் போனதும் வந்த முதல் ஞாயிறு, மயிலாப்பூரில் நண்பனைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, அந்தச் சுற்றுலாவுக்கு ஒரு விருந்தினனாகப் போனேன். குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்களுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். வழிகாட்டியின் பெயர் கீர்த்தனா, ஆழ்வார்பேட்டைப் பெண், நல்ல சுறுசுறுப்பு. பிளாஸ்டிக் வேண்டாம் என்று ஆளுக்கொரு செம்புக் குப்பி கொடுத்தாள். மந்தைவெளி தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். எங்கள் பைகளும் தண்ணீர் கேன்களும் ஏசி போட்ட ஒரு வேனில் எங்களுக்குப் பின்னாலேயே மெதுவாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தன. மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். அன்று காலை முழுக்க எனக்கு ஒருவித சந்தோஷம்தான். சந்தேகப்பட்டது ஒவ்வொன்றாகச் சரியாக வந்துகொண்டிருந்தது.

குப்பத்தில் படகு வலையை இறக்கிவிட்டுத் திரும்பியிருந்தது. எங்களுக்குக் கையுறை கொடுத்தார்கள். வடக்குக் கயிற்றின் கடைசியில் ஓர் இடம் இருந்தது. போய் நின்றேன்.

"இன்னாடா, நீ இங்க இன்னா பண்ற?"

குரல் வந்த பக்கம் பார்த்தேன். அப்பா ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி முதுகில் கம்பெனி பேர் போட்டிருந்தது. பக்கத்தில் அதே மாதிரி நாற்காலிகளில் இன்னும் சில வயதானவர்கள். எல்லோரும் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்களைப்போல் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"டூர்ல வந்தேன் நைனா."

"டூரா? வூட்லேர்ந்து ரெண்டு எட்டு வெச்சா கடலு. அதுக்கு மயிலாப்பூரு போயி சைக்கிள்ல சுத்திக்கினு வந்தியா?" என்றார். பக்கத்து நாற்காலிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அப்பா எழுந்து என் பக்கம் வந்து, பழக்கத்தில் கயிற்றைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

கீர்த்தனா ஓடி வந்தாள். "அங்கிள், ப்ளீஸ் அங்கிள். கெஸ்ட்ஸ் இருக்கறப்போ வேணாம்னு சொன்னேன்ல? இன்சூரன்ஸ் ப்ராப்ளம் ஆயிடும். நீங்க ரெஸ்ட் எடுங்க."

அவள் குரலில் மரியாதை இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. அப்பா கையை எடுத்துக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினார். எனக்குப் பின்னாலிருந்து யாரோ "புல், புல்!" என்று கத்தினார்கள். நான் இழுத்தேன்.

மடி கரையேறியது. நெத்திலி, காரப்பொடி, நடுவில் ஓரிரு வாளை. வலைக்காரர் காசி மாமா வழக்கப்படி ஒவ்வொருவர் முன்னாலும் பங்கு போட்டுக்கொண்டே வந்தார். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒருவர் தன் பங்கை இரு கைகளிலும் ஏந்தி, தண்ணீர்வரை நடந்து போய், கண்ணை மூடிக் கடலில் விட்டார். அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டது. காக்கைகள் வந்துவிட்டன.

"பாருடா இவர!" என்றார் காசி மாமா. "வுட்டுர்றதுக்கா இம்மா நேரம் இழுத்தோம்? மொதல்லயே சொல்லிருந்தா வலையே போட்டிருக்க மாட்டேனே, சார்."

மற்றவர்களின் பங்கையெல்லாம் கீர்த்தனா ஒரு கூடையில் சேர்த்து, பனையோலைப் பைகளில் போட்டு, நாற்காலிகளுக்கு எடுத்துக்கொண்டு போனாள். "அங்கிள், இது கெஸ்ட்ஸோட கிஃப்ட்."

"கை வெக்காத மீனு எனக்கு இன்னாத்துக்கும்மா?" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் தப்பி வந்த பார்சலைத் திருப்பி அனுப்புபவரைப்போலச் சொன்னார்.

நான் மட்டும் என் பங்கைக் கூடையில் போடவில்லை. கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

5

அம்மா அதைக் குழம்பு வைத்தாள். அப்பா தட்டைப் பார்த்தார்.

"யாரு பங்கு இது?"

"என் பங்கு நைனா."

"எங்க நின்ன?"

"வடக்குக் கயிறு. கடைசி."

"அது என் எடம்," என்றார். ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார்.

"சோத்துல போயி இன்னா வீம்பு?" என்று அம்மா அவர் முதுகைப் பார்த்துக் கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ துன்னு. உனுக்குத்தான ஆச," என்றாள். நான் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீர் கேனையும் வேனையும் பிடித்துவிட்டேன் என்று காலையில் மகிழ்ந்தவன் நான். நான் கேள்விக்குறி போடாத அந்த ஒரு வரிக்குள்தான் அப்பா உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் காசி மாமாவிடம் போனேன். அவர் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு ஊசி கோத்துக்கொண்டிருந்தார்.

"உங்க நைனாவுக்கு என் மேல வருத்தம்னு தெரியாதா எனக்கு? கம்பெனி குடுக்குறதுலதான் இந்த வலய சரி பண்றேன். வாரத்துல மத்த நாள்ல அவரு வரட்டும், யாரு வாணான்றது? ஒரு கயிறுல எத்தினி பேருதான் நிப்பாங்க, சொல்லு. நீதான் படிச்சவன், நீயே சொல்லு."

நான் படித்தவன். அவர் தைக்க வசதியாக வலையின் ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் கீர்த்தனாவுக்குப் போன் செய்தேன். அவள் மழுப்பவில்லை. "ரூல் நான் போடல ப்ரோ. மாமாவோட டீம் பேரு எல்லாம் பாலிசில இருக்கு. சும்மா ஹெல்ப்புக்கு வர்றவங்க பேரு இல்ல. ரோப்ப புடிக்கறவங்க இன்சூர்டா இருக்கணும். டிக்கெட் வாங்கினா ஆட்டோமேட்டிக்கா கவர் ஆயிடும்."

"அப்போ எங்க அப்பாவுக்கு ஒரு டிக்கெட் வாங்கினா?"

"டெக்னிக்கலி… ஓகேதான்," என்றாள்.

6

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று பயந்தேன். தன் கயிற்றைப் பிடிக்கத் தனக்கே டிக்கெட்டா என்று கத்துவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு என்னய உக்காருனு சொல்ல முடியாதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"முடியாது."

"போடு டிக்கெட்ட."

விருந்தினர்கள் மண் நிறத்தில் அரைக்கால்சட்டை அணிந்து வர வேண்டும் என்று போனில் குறிப்பு வந்தது. அம்மா மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்குள் புகுந்து ஒன்று வாங்கி வந்தாள். அப்பா வாழ்க்கையில் போட்ட முதல் அரைக்கால்சட்டை அது. அந்த ஞாயிறு அவர் மயிலாப்பூர்வரை பஸ்ஸில் போய், சைக்கிள் வாங்கி, வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் மணியடித்துக்கொண்டே குப்பத்துக்குள் நுழைந்தார். நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள்.

"வாங்க சார், வாங்க! எந்த ஊரு நீங்க?" என்றார் காசி மாமா.

"ஃபாரினு," என்றார் அப்பா. "எங்க ஊர்ல கடலே கெடயாது. நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

கையுறையை ஒரு கையில் மட்டும் போட்டுக்கொண்டார். வடக்குக் கயிற்றின் கடைசியில் நின்றார். மடி வந்தது, பங்கு வந்தது. அன்றைக்கு வாசலிலேயே குரல் கேட்டது. மதியம் எல்லோரும் அதைத்தான் சாப்பிட்டோம்.

மற்ற வயதானவர்கள் நாற்காலிகளிலேயேதான் இருந்தார்கள், அது சரியில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. இருந்தாலும் நெதர்லாந்து திரும்பிய பிறகும், வலை போடும் ஒவ்வொரு ஞாயிறுக்கும் இங்கிருந்தே அப்பாவுக்கு டிக்கெட் போட்டுவிடுவேன். மற்ற நாட்களில் அவர் சும்மா போய்க் கயிறு பிடிக்கும் மீனவர். ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாப் பயணி.

7

மரைகெ சொன்னபடி என் கருத்தை எழுதினேன். வேனை விட்டுவிட்டேன், தண்ணீர் கேனை விட்டுவிட்டேன். ஒன்றே ஒன்றை எழுதினேன். "ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் முதியவர்கள் கயிற்றிலிருந்து விலக்கப்படுகிறார்கள். கயிற்றை விட்டவருக்குப் பங்கு இல்லை. ஓய்வு என்று எழுதியிருப்பது இதைத்தான்."

எங்கள் விதிப்படி கருத்து அந்தக் கம்பெனிக்குப் போனது. பணிவான பதில் வந்தது. உள்ளூர் முதியவர்கள் யாரும் விலக்கப்படவில்லை என்றும், குப்பத்தைச் சேர்ந்த ஒரு மூத்த மீனவர் தொடர்ந்து ஆர்வத்துடன் பங்கேற்கிறார் என்றும், அவரே தங்களிடம் மிக அதிகமுறை திரும்பி வந்த விருந்தினர் என்றும் எழுதியிருந்தார்கள். ஆதாரமாக ஒரு படம். ஒரு கையில் கையுறை, மண் நிற அரைக்கால்சட்டை, வாய் நிறையச் சிரிப்பு.

அந்த டிக்கெட்டுகள் நான் வாங்கியவை, எனக்கு வேறு வழி தெரியவில்லை என்று மரைகெயிடம் சொன்னேன். அவர் அந்தப் படத்தை மறுபடி திறந்தார். "ஆனால் அவர் விரும்பித்தானே வருகிறார்?" என்று கேட்டார்.

ஆமாம். விரும்பித்தான் வருகிறார். ஊர்க்காரர்களோடு இணைந்து நடத்தும் சூழல் சுற்றுலா என்ற வகையில் முத்திரை கொடுத்துவிட்டார்கள். மதிப்பிட்டவர் என் அறையிலேயே, இரண்டு மேசை தள்ளி இருக்கிறார். நல்ல மனிதர். விமானத்தில் ஏறுவதில்லை. எங்கள் ஊர்ப் பக்கமே வந்ததில்லை.

போன ஞாயிறு அப்பாவோடு வீடியோவில் பேசினேன். மீனை முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். முத்திரை வந்த சேதியும், எங்கள் அலுவலக இணையப் பக்கத்தில் அவர் படம் வந்த சேதியும் குப்பத்துக்குப் போயிருந்தன.

"எம் படம் பெருசா போட்டுக்கீறாங்களாமே? நல்லா கீறனா?"

"நல்லா கீற நைனா."

"கீழ இன்னாவோ எழுதிக்கீதே, படி."

படித்தேன். மீனவச் சமூகம் மகிழ்ச்சியோடு தன் கடலை உலகத்துடன் பகிர்ந்துகொள்கிறது என்று மதிப்பிட்டவர் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னேன். அப்பா மீனைச் சட்டியில் போட்டுவிட்டுக் கேட்டார்.

"இத எழுதினவரு நம்ம கயிறு புடிச்சாரா?"

"இல்ல நைனா. இங்கயே உக்காந்துதான் எழுதினாரு."

"அப்ப அவருக்குப் பங்கு கெடயாது," என்றார் அப்பா. "சொல்லிடு."